முன்சக்கரம் இழுத்த வண்டி

எண்ணூர் துறைமுகத்தில் நான் பார்த்த வேலையை வெளியில் சொன்னால் பலரும் முதலில் நம்ப மாட்டார்கள். ஏற்றுமதிக்கு வரும் புத்தம் புதுக் கார்களை யார்டிலிருந்து ஓட்டிக்கொண்டு போய்க் கப்பலுக்குள் நிறுத்துவதுதான் வேலை. ஒரு ஷிப்டில் நாற்பது கார் ஓட்டுவேன், சில நாள் அதற்கும் மேல். ஒன்றைக்கூட ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியதில்லை. இருக்கையில் போட்ட பிளாஸ்டிக் உறை கிழியக் கூடாது. வளையல், மோதிரம், பெல்ட் எதுவும் போட்டுக்கொள்ளக் கூடாது, பெயின்ட்டில் கீறல் விழும். மணிக்கு இருபதைத் தாண்டக் கூடாது. கப்பலுக்குள் சிக்னல்காரர் விசில் ஊதிக் கை காட்டுவார். பக்கத்துக் காருக்கு ஒரு சாண் இடம் விட்டு நிறுத்திவிட்டு, அந்த இடுக்கில் உடம்பை நெளித்து வெளியே வர வேண்டும். இறங்கியவர்களை எல்லாம் வாரிக்கொண்டு ஒரு வேன் மறுபடி யார்டுக்குப் போகும்.

அந்த வேனில்தான் அக்கா பழக்கமானாள். கூடப் பிறந்தவள் இல்லை. எங்கள் செட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் பெண்கள், அவள் என்னைவிட நாலு வயது மூத்தவள், அதனால் அக்கா. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்து, காசிமேட்டில் வாழ்க்கைப்பட்டவள். நான் திருவொற்றியூர். அவள் அதிகம் பேச மாட்டாள். ஆனால் எந்தக் காரின் கிளட்ச் எங்கே பிடிக்கிறது, எதன் ஸ்டீயரிங் லேசாக இடது பக்கம் போகிறது என்பதெல்லாம் ஓட்டி இறங்கிய பிறகும் அவளுக்கு ஞாபகம் இருக்கும்.

ஒரு வாரம் முழுக்க ஒரே மாதிரிச் சின்னக் கார்களாக வந்தன. டர்போ வைத்த பெட்ரோல் வண்டி. பார்க்க வீட்டுக்குக் காய்கறி வாங்கப் போகிற வண்டி மாதிரிதான் இருக்கும். வேனில் உட்கார்ந்ததும் அக்கா தானாகவே பேச்செடுத்தாள்.

"அந்தச் சின்ன வண்டி இன்னா இழு இழுக்குது, கவனிச்சியா?"

"இருபதுல போற வண்டி இன்னாக்கா இழுக்கும்?"

"ரேம்ப்புல ஏறச்சொல்ல பாரு. மிதிச்சா ஒரு மூச்சு சும்மா நிக்குது. அப்பால மூக்கால புடிச்சு நம்மள இட்டுனு ஓடுது."

மறுநாள் நானும் கவனித்தேன். அவள் சொன்னது சரிதான். டர்போ என்பது இன்ஜின் வெளியே விடும் புகையை வைத்தே ஒரு விசிறியைச் சுற்றி, அதனால் இன்ஜினுக்குள் அதிகக் காற்றை அடைப்பது. விசிறி வேகம் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். பிடித்துவிட்டால் சின்ன இன்ஜின் பெரிய இன்ஜின் மாதிரி நடந்துகொள்ளும். அந்த வண்டியில் அவ்வளவு பலமும் முன்சக்கரங்களுக்கு மட்டும் போனது. கப்பலுக்குள் ஏறும் சரிவான ரேம்ப்பில் மிதித்ததும் ஸ்டீயரிங் கைக்குள் ஒருமுறை துடிக்கும். அக்காவுக்கு அந்தத் துடிப்பு பிடித்துவிட்டது.

"எங்கயாவது ஒரு எடத்துல இத்த முழுசா ஒரு தபா மிதிக்கணும்" என்றாள். ஆயிரக்கணக்கான கார் ஓட்டியிருக்கிறாள், ஒன்றைக்கூட முழுசாக மிதித்ததில்லை.

அக்காவின் புருஷனை நான் மாமா என்று கூப்பிடுவேன். காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். அக்கா பேசாத பேச்சை எல்லாம் சேர்த்து அவர் பேசுவார். வெள்ளம் வந்து வடிந்த வருஷம், படகுக்கு ஒரு சாமான் தேடிப் புளியந்தோப்பில் பழைய இரும்புக் கடை ஒன்றுக்குப் போனவர், அதே ரகச் சின்னக் கார் ஒன்று சேறோடு சேறாக நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தார். மூன்று நாள் தண்ணீருக்குள் நின்ற வண்டி. சொந்தக்காரர் இன்சூரன்ஸ் வாங்கிக்கொண்டு தலை முழுகிவிட்டிருந்தார்.

"டேஷ்போர்டு வரைக்கும் சேறு. சீட்டுக்குள்ள ஒரு நண்டு செத்துக் கீது" என்றார் மாமா.

"இன்ஜினு?" என்றாள் அக்கா.

"அத்த நான் பாத்துக்கறேன். டர்போ எனக்கு இன்னா புதுசா? போட்ல இல்லாத டர்போவா?"

வண்டி லாரியில் ஏறிக் காசிமேடு வந்தது. முழுசாக மிதிக்கக் கார்ப் பந்தயம்தான் ஒரே வழி என்று மாமா முடிவு செய்துவிட்டார். வலை பின்னும் இடத்துக்குப் பின்னால் மாமாவின் தகரக் கொட்டகை. எட்டு மாதம் அங்கே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போவேன். ஏன் போனேன் என்று கேட்டால் சரியான பதில் இல்லை. வீட்டில் இருந்தால் கல்யாணப் பேச்சு, கொட்டகையில் அது இல்லை. ஸ்பேனரின் முனையால் கதவு இடுக்குகளில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டினேன். இருக்கை, கம்பளம், ஏசி எல்லாம் கழற்றினோம். மணலிப் பக்கம் கன்டெய்னர் ரிப்பேர் யார்டில் வேலை பார்த்த வெல்டர் ஒருவர், பந்தய விதிப் புத்தகத்தில் போட்டிருந்த அளவுப்படி வண்டிக்குள் இரும்புக் குழாய்க் கூண்டு கட்டிக் கொடுத்தார். வண்டி உருண்டால் உள்ளே இருப்பவர்களைக் காப்பது அந்தக் கூண்டுதான். மீன் வாடையும் டீசல் வாடையும் அந்த வண்டியை விட்டுக் கடைசி வரை போகவில்லை.

முதல் போட்டி ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி ஒரு மண் மைதானத்தில் நடந்தது. கூம்புகளை நட்டு வழி போட்டிருப்பார்கள். ஒவ்வொரு வண்டியாக ஓட்ட வேண்டும், நேரம் பார்த்து வரிசைப்படுத்துவார்கள். நான் தண்ணீர் பாட்டிலோடு கயிற்றுக்கு வெளியே நின்றேன். அக்கா கிளம்பிய வேகத்தைப் பார்த்து மாமா விசிலடித்தார். முதல் திருப்பத்தில் அவள் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினாள். வண்டி திரும்பாமல் நேராகப் போய் மூன்று கூம்புகளைச் சாய்த்துக்கொண்டு நின்றது. அடுத்த திருப்பத்திலும் அதேதான். அவளுடைய பிரிவில் கடைசி இடம் கிடைத்தது.

பக்கத்தில் பின்சக்கரம் தள்ளுகிற வண்டி வைத்திருந்த ஒருவர் மாமாவிடம், "சார், முன்சக்கர வண்டிக்கு டர்போ போட்டு இந்த மண்ல கொண்டு வந்தா இப்படித்தான்" என்று தணிவாகச் சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை. மாமாவுக்கு அதுதான் சுருக்கென்றது.

திரும்பி வரும்போது மாமா தனக்குத் தானே பேசிக்கொண்டு வந்தார். "இழுக்கறதும் அதே சக்கரம், திரும்பறதும் அதே சக்கரம். நீ முழுசா மிதிச்சா அது இழுக்கற வேலைய மட்டுந்தான் பாக்கும். திரும்பற வேலைய வுட்ரும்."

"அப்ப மிதிக்கக் கூடாதா?" என்றாள் அக்கா.

"மிதிக்கணும். எப்ப மிதிக்கறதுன்னு கீது."

அந்த 'எப்ப' என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வருஷம் ஆயிற்று. மணலி போகும் வழியில் காலி கன்டெய்னர் யார்டு ஒன்று. அதன் மேலாளர் மாமாவுக்குத் தெரிந்தவர், ஞாயிறு காலையில் மட்டும் விட்டார். பழைய லாரி டயர்களை வைத்து வழி போட்டோம். ஆக்சிலரேட்டரிலிருந்து வலது காலை எடுக்காமல் இடது காலால் பிரேக்கைத் தொட வேண்டும். தொட்டால் மூக்கு தாழ்ந்து முன்சக்கரம் மண்ணைக் கவ்வும், பின்பக்கம் லேசாக வழுக்கி வண்டியே திரும்பும். கைபேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து அவளாகவே பழகினாள். இடது காலுக்குக் கிளட்ச்சை அழுத்தத்தான் தெரியும், மெதுவாகத் தொடத் தெரியாது. முதல் இரண்டு மாதம் ஒவ்வொரு முறையும் வண்டி முட்டிக்கொண்டு நிற்கும். அவள் நெற்றி முன்னால் போகும், பெல்ட் பின்னால் இழுக்கும். தோள்பட்டையில் கன்றிப்போன கோடு வேலைச் சட்டைக்கு வெளியேயும் தெரிந்தது. துறைமுக மேற்பார்வையாளர், அக்கா வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று என்னிடம் தனியாகக் கேட்டார்.

நான் துறைமுகத்துச் சிக்னல்காரர் மாதிரி டயர்களுக்கு நடுவே நின்று விசில் ஊதிக் கை காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அக்கா வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தாள்.

"வெளிய நின்னு கை காட்னா ஒண்ணும் தெரில. உள்ள குந்தி வாயால சொல்லு."

அப்படித்தான் நான் அந்த வண்டிக்குள் ஏறினேன். திட்டம் எதுவும் இல்லை.

அடுத்த மண் போட்டியில் மூன்றாவது வந்தாள். அதற்கு அடுத்ததில் அவள் பிரிவில் முதலாவது. கையடக்கமான கோப்பை ஒன்று கொடுத்தார்கள். அக்காவின் மாமியார் அதைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் வைத்து, மறுவாரமே அதற்குள் சேஃப்டி பின்னும் ரப்பர் பேண்டும் போட ஆரம்பித்தார்.

பிறகு ராலிக்குப் பெயர் கொடுத்தோம். ராலியில் மைதானம் கிடையாது. காட்டுப் பாதை, தோட்டப் பாதைகளை மூடிவிட்டு, ஸ்டேஜ் என்று துண்டு துண்டாகப் பிரித்து ஓட்டவிடுவார்கள். எல்லா ஸ்டேஜ் நேரத்தையும் கூட்டி யார் குறைவோ அவர் முதல். ஓட்டுபவரோடு இன்னொருவர் கட்டாயம் உட்கார வேண்டும். முந்தைய நாள் மெதுவாகப் போய், ஒவ்வொரு வளைவையும் எவ்வளவு கூர்மை என்று எண் போட்டுக் குறித்துக்கொண்டு, போட்டியில் அதைப் படித்துச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் இங்கிலீஷில் சொன்னார்கள். நாங்கள் எங்கள் வாயில் வருகிற மாதிரி எழுதிக்கொண்டோம். 'வலது நாலு, மிதி.' 'இடது ரெண்டு, உள்ளே கல், வெட்டாதே.' 'மேடு, நேரா போ.' 'பாலம், ஒடுக்கு, உஷாரு.'

கோயம்புத்தூர்ப் பக்கம் காற்றாலைகள் நிற்கும் காட்டுக்குள் ராலி. முதல் ஸ்டேஜ் முடிந்ததும் நான் கதவைத் திறந்து வாந்தி எடுத்தேன். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே குலுங்குவது வேறு, கப்பல் ரேம்ப்பில் ஏறுவது வேறு. இரண்டாவது ஸ்டேஜிலிருந்து பழகிவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டர்போ வண்டிகள் அளவுக்கு மீறிக் காற்றை உறிஞ்சிப் பலம் கூட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, காற்று போகும் குழாயில் ஒரு இரும்பு வளையம் மாட்ட வேண்டும் என்று விதி. வளையத்தின் துளை எவ்வளவு என்று அளவு உண்டு. போட்டிக்கு முன்னால் சோதனை அதிகாரிகள் துளையை அளந்து, கழற்ற முடியாதபடி கம்பி கட்டி முத்திரை வைப்பார்கள். எங்கள் வளையத்துக்கும் டர்போவுக்கும் நடுவில் ஒரு முழ நீள ரப்பர் குழாய் இருந்தது.

முதல் நாள் வெயில். எங்கள் பிரிவில் ஐந்தாவதாக இருந்தோம். இரண்டாம் நாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. செம்மண் பாதை குழம்பாகிவிட்டது. எங்களைவிடப் பலமான பின்சக்கர வண்டிகள் வளைவுக்கு வளைவு சுற்றிக்கொண்டு வேலி ஓரங்களில் நின்றன. எங்கள் வண்டி மூக்கைச் சேற்றில் ஊன்றி இழுத்துக்கொண்டு போயிற்று. இடது காலால் தொடுவாள், மூக்கு திரும்பும், வலது கால் இறங்கும், முன்சக்கரம் தன்னைத் தானே வெளியே இழுத்துக்கொள்ளும். மதியத்துக்குள் மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டோம்.

கடைசி இரண்டு ஸ்டேஜுக்கு முன்னால் வண்டியைப் பார்க்க இருபது நிமிஷ நேரம் தந்தார்கள். அந்த ரப்பர் குழாயில் வெடிப்பு விட்டிருப்பதை மாமா பார்த்தார். அதிகாரியிடம் சொல்லிவிட்டு, முத்திரையைத் தொடாமல் பழைய குழாயைக் கழற்றிப் போட்டு, படகு இன்ஜினுக்காக வைத்திருந்த குழாயில் அளவாக வெட்டி மாட்டினார். கிளாம்பை இறுக்கினார். நாங்கள் கிளம்பினோம்.

அந்த இரண்டு ஸ்டேஜும் வண்டி பறந்தது. எங்கள் பிரிவில் முதல், மொத்தத்தில் மூன்றாவது. மேடையில் ஏற்றி மாலை போட்டுக் கோப்பை கொடுத்தார்கள். மாமா சேற்றுக் காலோடு மேடையில் ஏறி அக்காவைக் கட்டிக்கொண்டார். அவள் வெட்கப்பட்டதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

திரும்பி வந்தால், துறைமுகக் கேன்டீனில் எங்கள் படம் வந்த செய்தித்தாள் பக்கத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். அலுவலகத்தில் சால்வை போட்டார்கள். என் அம்மா அந்தப் பக்கத்தை நாலு பிரதி வாங்கி, பெண் பார்க்க வந்துவிட்டுப் பதில் சொல்லாமல் போன ஒரு வீட்டுக்கு ஒன்றை அனுப்பி வைத்தார். அது எனக்குப் பிடித்திருந்தது, மறைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா இன்ஜினைத் திறந்தார். நான் டீ வாங்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனபோது இரண்டு பேரும் திறந்த இன்ஜின்மேல் குனிந்து நின்றுகொண்டிருந்தார்கள். மாமா கையில் அந்தப் படகுக் குழாய். அடிப்பக்கம் திருப்பிக் காட்டினார். கிளாம்ப் கடித்த இடத்தில் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

"இன்னா மாமா, கிழிஞ்சிப் பூட்ச்சா? வேற போட்டாப் போச்சி" என்றேன்.

"வளையத்துக்கு இந்தாண்ட கிழிஞ்சிக் கீது" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். வளையத்தின் சின்னத் துளை வழியாகத்தான் காற்று போக வேண்டும். வளையத்தைத் தாண்டின பிறகு குழாயில் ஓட்டை இருந்தால் இன்ஜின் அந்த ஓட்டை வழியாகவும் உறிஞ்சும். வளையம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

"எப்போ கிழிஞ்சிது?" அக்கா கேட்டாள்.

மாமா டர்போவைக் கையில் எடுத்து விசிறியைக் காட்டினார். அதன் ஓரங்களைச் சேற்று மணல் தின்றிருந்தது. வடிகட்டியைத் தாண்டி மணல் வர வழியில்லை, ஓட்டை வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். "கொஞ்ச தூரத்துல இவ்ளோ தேயாது. நான் மாட்டிக் குடுத்து வண்டி கெளம்பினதுமே கிழிஞ்சிருக்கும்."

"கடைசி ரெண்டு ஸ்டேஜுமா?"

"ஆங்."

டர்போவைக் கீழே வைத்துவிட்டு அவரே சொன்னார், "நாம வோணும்னு பண்ணல. சீலு அப்டியே கீது. முடிஞ்சப்புறம் அவங்களே செக் பண்ணி சரின்னு சொல்ட்டாங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

அக்கா கையைத் துணியில் துடைத்துவிட்டு வெளியே போனாள். டீ ஆறிப்போயிற்று.

திங்கட்கிழமை வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "லெட்டர் எயுதப் போறேன். உன் கையெழுத்தும் வோணும்."

எனக்குக் கோபம் வந்தது. நான் கொஞ்சம் சத்தமாகவே பேசினேன் என்று நினைக்கிறேன், முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னா திருடுனோமா நாம? நம்ம ஜெயிச்சது மயைல. மத்தவங்க எல்லாம் வேலில மாட்டிக்கினு நின்னாங்க. ஓட்டை இல்லன்னாலும் நாமதான் ஃபர்ஸ்ட்டு."

"இருக்கலாம்."

"அப்புறம் இன்னா?"

"நான் ஓட்டுனேனா, அந்த ஓட்டை ஓட்டுச்சான்னு எனக்குத் தெரில. அதான் பேஜாரா கீது." அவ்வளவுதான் சொன்னாள். வேன் நின்றதும் இறங்கி அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள்.

மூன்று நாள் நான் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. கேன்டீனில் எங்கள் படத்துக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டேன். என்னிடம் ஒரு வாதம் தயாராக இருந்தது. ஓட்டை என்னுடையது இல்லை, குழாய் என்னுடையது இல்லை, நான் படித்துச் சொன்னவள் மட்டும். அம்மா அனுப்பிய பிரதிக்கு அந்த வீட்டிலிருந்து பதில் வந்திருந்தது. அதையும் நினைத்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து ராலிக் குறிப்பேட்டை எடுத்தேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் ஒரு குறிப்பைச் சொல்லி முடிப்பதற்குள் வளைவு வந்துவிட்டால், அதாவது நான் தாமதமாகச் சொல்லிவிட்டால், அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போடுவேன், பிறகு திருத்திக்கொள்ள. முதல் நாளில் அங்கொன்று இங்கொன்று. இரண்டாம் நாள் காலையில் ஒன்றிரண்டு. கடைசி இரண்டு ஸ்டேஜ்களின் பக்கங்களில் வரிக்கு வரி கோடு. வளைவுகள் எல்லாம் எனக்கு முன்னாலேயே வந்துகொண்டிருந்தன. வண்டி வழக்கத்தைவிட வேகமாகப் போகிறது என்று வண்டிக்குள்ளேயே எனக்குத் தெரிந்திருக்கிறது. கை கோடு போட்டிருக்கிறது, வாய் ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷமாக இருந்ததால் ஏன் என்று கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டேன். அக்கா நன்றியெல்லாம் சொல்லவில்லை. பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

போட்டி நடத்தியவர்களின் அலுவலகத்துக்கு மூன்று பேரும் போனோம். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். மாமா கிழிந்த குழாயை மளிகைக் கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அவர்கள் அதை ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கி விரலை விட்டுப் பார்த்தார்கள்.

"யாராவது புகார் குடுப்போம்னு சொன்னாங்களாம்மா?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"யாரும் சொல்லலீங்க. நாங்களாத்தான் வந்தோம்."

"முடிவு அறிவிச்சு, சோதனையும் முடிஞ்சிடுச்சு. நீங்க சொல்லலேன்னா..." அவர் முடிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் எழுத ஆரம்பித்தார். எங்கள் முடிவை ரத்து செய்தார்கள். வேண்டுமென்று செய்ததில்லை என்று குறித்து, தடை எதுவும் போடவில்லை. அக்கா ராலிக் கோப்பையைப் பையிலிருந்து எடுத்தாள். எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் டீ கிளாஸ்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஓட்டுபவர்கள் வட்டாரத்தில் சிலர் பைத்தியம் என்றார்கள். சிலர் விளம்பரத்துக்குச் செய்தது என்றார்கள். எங்களுக்கு அடுத்ததாக வந்திருந்து, இப்போது முதலிடம் பெற்றவர் அக்காவுக்கு போன் செய்தார். "நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாப்பிட்டாச்சா என்று கேட்டு வைத்துவிட்டாராம். செய்தித்தாளில் திருத்தம் எதுவும் வரவில்லை. கேன்டீனில் இருந்த பக்கத்தை அக்காவே நகத்தால் சுரண்டி எடுத்தாள். அந்த வீட்டுச் சம்பந்தம் நடக்கவில்லை, அதற்கும் இதற்கும் தொடர்பு இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

அடி அதிகம் விழுந்தது மாமாவுக்குத்தான். காசிமேட்டில் படகுக்காரர்கள், "இன்னாப்பா, உன் கொயா லீக்காமே? என் போட்டையும் ஒரு தபா பாத்துக்கோ" என்று போகிற வருகிற போதெல்லாம் கேட்டார்கள். இருபது வருஷ வேலைக்கு அந்த ஒரு குழாய்தான் அடையாளம் என்பதுபோல ஆகிவிட்டது. அக்காவோடு இரண்டு வாரம் அவர் பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். வண்டி கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது.

ஒரு நாள் அக்கா கொட்டகைக்குப் போய் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தானே டர்போவை மாட்டப் பார்த்திருக்கிறாள். போல்ட்டைத் தப்பாக ஏற்றிவிட்டாள். மாமா வந்து பார்த்துவிட்டு, "எந்திரி. மரைய அறுத்து வெச்சிராத" என்றாராம். அதுதான் அவர்கள் மறுபடி பேசிக்கொண்ட முதல் பேச்சு.

அந்த வருஷமே விதி மாறியது. வளையத்தை டர்போவின் வாயிலேயே நேராகப் பொருத்த வேண்டும், நடுவில் குழாய் இருக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். காரணம் போடவில்லை. மாமா அந்தச் சுற்றறிக்கையைப் படித்துப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். படகுக்காரர் யாராவது மறுபடி கேலி பேசினால் அதை எடுத்துக் காட்டுவார். இங்கிலீஷில் இருந்ததால் யாரும் படிக்கவில்லை, ஆனால் கேலி கொஞ்சம் குறைந்தது.

மறுவருஷம் அதே ராலியில் மழை இல்லை. எங்கள் பிரிவில் நாலாவது வந்தோம். அக்காவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதற்கு அடுத்த வருஷம் ஆறு போட்டிகள் கொண்ட தொடர் முழுவதிலும் கலந்துகொண்டோம். மற்றவர்கள் ஒன்றில் ஜெயித்து அடுத்ததில் கியர் பாக்ஸ் உடைந்து நின்றார்கள். எங்கள் வண்டி ஆறிலும் கடைசிக் கோட்டைத் தாண்டியது. சென்னைக்கு வெளியே தார் போட்ட பந்தயத் தடத்தில் ஒரு சுற்று, மூன்றாவது. கர்நாடகத்தில் காப்பித் தோட்டத்துக்குள் ஒன்று, இரண்டாவது. ஆறாவது போட்டி அதே காற்றாலைக் காடு. நல்ல வெயில், ஈரம் என்று சொல்ல எங்குமே ஒரு சொட்டு இல்லை.

அந்தக் கடைசி ஸ்டேஜும் அதே பாதையில்தான் இருந்தது. நான் குறிப்பைச் சொல்வேன், சொல்லி முடித்த பிறகு வளைவு வரும், அவள் இடது காலால் தொடுவாள். காகிதத்தில் ஒரு கோடுகூட விழவில்லை. எங்கள் பிரிவில் அந்த ராலியிலும் முதலிடம், தொடரிலும் முதலிடம். சோதனை அதிகாரிகள் டர்போ வாயிலிருந்து முத்திரையைப் பிரித்து வளையத்தை அளக்கும்போது மாமா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அளந்தவர் தலையாட்டினார். "இன்னொரு தபா அளந்துக்கோங்க சார்" என்றார் மாமா. அவரும் சிரிக்காமல் இன்னொரு முறை அளந்தார்.

நான் நேரப் பட்டியல் ஒட்டிய பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

"கடைசி ஸ்டேஜு, கொயா கிழிஞ்ச வருஷம் எவ்ளோ?"

ஸ்டேஜ் நேரமும் குறித்து வைத்த பழைய குறிப்பேடு என்னிடம்தான் இருந்தது. பார்த்துச் சொன்னேன். அந்த வருஷம் சேற்றில் ஓட்டியதைவிட இந்த வருஷம் காய்ந்த தரையில் நாலு விநாடி மெதுவாகத்தான் வந்திருக்கிறோம்.

அக்கா பலகையை ஒருமுறை பார்த்தாள். "அப்ப அது நான் இல்ல" என்றாள். குரலில் வருத்தமும் இல்லை, நிம்மதியும் இல்லை. ஒரு காரை நிறுத்திவிட்டு இடைவெளியைக் கண்ணால் அளந்து பார்ப்பாளே, அந்த மாதிரிச் சொன்னாள். பிறகு மாமாவைத் தேடிப் போனாள். எனக்குப் பசித்தது. டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டேன்.

இப்போது நான் அந்த இருக்கையில் உட்காருவதில்லை. கல்யாணம் ஆகி மகள் பிறந்த பிறகு காதில் ஏதோ கோளாறு, குலுங்கினால் தலை சுற்றுகிறது. துறைமுகத்தில் தரையில் நின்று கை காட்டுகிற வேலைக்கு மாறிவிட்டேன். அக்காவுக்கு இப்போது மாதவரத்துப் பெண் ஒருத்தி குறிப்புப் படிக்கிறாள். நன்றாகப் படிக்கிறாள் என்று மாமா சொல்கிறார். வண்டிக்குப் போன மாதம் புது கியர் பாக்ஸ் போட்டிருக்கிறார்கள், இரண்டாவது கியர் விழுவதற்கு இன்னும் கொஞ்சம் அடம்பிடிக்கிறதாம்.